காலி நாற்காலியில் முதலில் உட்காருவது யார்?

கேள்வி (திருச்சி வாசகர்): வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் சார். பெங்களூரு யுனைடெட் ஸ்பிரிட்ஸ் பங்கு கொஞ்சம் வைத்திருக்கிறேன். அதன் தாய் நிறுவனமான லண்டன் மதுபானக் கம்பெனி டியாஜியோவில் 2025 ஜூலை 16 அன்று தலைமைச் செயல் அதிகாரி டெப்ரா க்ரூ 'பரஸ்பர சம்மதத்துடன், உடனடியாக' விலகினார். நிதித் தலைவர் நிக் ஜாங்கியானி அன்றே இடைக்காலத் தலைவர் ஆனார். 2026 ஜனவரியில் வெளியிலிருந்து டேவ் லூயிஸ் வந்து உட்கார்ந்துவிட்டார். என்னைப் போன்ற சின்ன முதலீட்டாளர் இதை எப்படிப் படிப்பது?

பதில்: நான் குடிப்பதில்லை, மது விற்கிற கம்பெனியின் கணக்கைப் படிக்கக் குடிக்க வேண்டியதும் இல்லை. குளிர்பானம் அடைக்கும் ஒரு கம்பெனியில் கம்பெனி செக்ரட்டரியாக ரொம்ப காலம் குப்பை கொட்டியவன் என்பதால் பாட்டில் வியாபாரம் கொஞ்சம் தெரியும். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

ஒரு தலைவர் போகும்போது எல்லோரும் போகிறவரைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது அந்த நாற்காலியில் அடுத்த நாள் காலையில் யார் உட்காருகிறார் என்பதை. போகிறவரைப் பற்றி அறிவிப்பில் நன்றியும் வாழ்த்தும்தான் இருக்கும். போர்டு எவ்வளவு தயாராக இருந்தது என்பதை உட்காருகிறவர் காட்டிக்கொடுத்துவிடுவார்.

இதற்கு டியாஜியோவை விட நல்ல உதாரணம் கிடைக்காது. இரண்டே வருஷத்தில் அங்கே இரண்டு முறை இடைக்காலத் தலைமை வந்தது.

முதல் முறை 2023 ஜூனில். பத்து வருஷம் தலைவராக இருந்தவர் ஐவன் மெனெசஸ், புனேயில் பிறந்தவர். அப்பா நம் ரயில்வே போர்டு சேர்மனாக இருந்தவர். மகன் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ், அகமதாபாத் ஐ.ஐ.எம். என்று படித்து லண்டன் போனார். அந்த ஜூன் கடைசியில் ஓய்வு பெறுவதாகவும், அடுத்து வருவது டெப்ரா க்ரூ என்றும் மார்ச்சிலேயே அறிவித்திருந்தார்கள். இடையில் மெனெசஸ் வயிற்றுப் புண்ணுக்கு அவசர அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டி வந்தது, உடல்நிலை மோசமானது. ஜூன் 5 அன்று க்ரூவை இடைக்காலத் தலைவராக அறிவித்தார்கள். 7ஆம் தேதி மெனெசஸ் இறந்துபோனார். 63 வயது. துக்கமான விஷயம். ஆனால் நிர்வாகத்தில் ஒரு நாள்கூடத் தடுமாற்றம் இல்லை. வரப்போகிறவரே சில வாரம் முன்னதாக வந்தார், அவ்வளவுதான்.

இரண்டாவது முறை 2025 ஜூலையில். இந்தத் தடவை கையில் வாரிசு பெயர் இல்லை. அதனால் நிதித் தலைவரை உட்கார வைத்துவிட்டு, உள்ளேயும் வெளியேயும் ஆள் தேடுவதாகச் சொன்னார்கள். உங்கள் கேள்விக்கான பதில் ஏறக்குறைய இதிலேயே இருக்கிறது. திட்டமிட்ட விலகல் என்றால் 'இன்ன தேதி வரை இருப்பார், இவரிடம் ஒப்படைப்பார்' என்று வரும். 'உடனடியாக' என்று இருந்து, வாரிசு பெயரும் இல்லாமல், நிதித் தலைவர் பொறுப்பு ஏற்கிறார் என்றால் பொறுமை தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். போர்டுக்கா, பெரிய பங்குதாரர்களுக்கா என்பது வேறு விஷயம்.

ஏன் தீர்ந்தது? க்ரூ நாற்காலிக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. 2023 நவம்பர் 10 அன்று, லத்தீன் அமெரிக்கா மற்றும் கரீபியன் பகுதியில் அந்த அரையாண்டு விற்பனை 20 சதவீதத்துக்கு மேல் விழப்போகிறது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அன்று ஒரே நாளில் பங்கு 12 சதவீத அளவுக்குச் சரிந்தது. பிரச்சினை, விநியோகஸ்தர்களின் கிடங்குகளில் சரக்கு தேங்கிக் கிடந்தது. கம்பெனி பெரியது, ஜானி வாக்கரும் கின்னஸும் ஸ்மிர்னாஃபும் அவர்களுடையவை. ஆனால் நோய் பழைய நோய்தான்.

அதை எங்கள் தொழிற்சாலை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். மார்ச் மாதக் கடைசி ராத்திரி லாரி லாரியாகப் போகும். விநியோகஸ்தர் 'இடமில்லை, போன மாசச் சரக்கே அப்படியே கிடக்கு' என்று போனில் கத்துவார். சேல்ஸ் மேனேஜர் 'இறக்கி வைங்க, ஏப்ரல்ல பார்த்துக்கலாம்' என்பார். பில் போட்டாயிற்று, எங்கள் கணக்கில் விற்பனை. ஆனால் ஒரு பாட்டிலும் எந்தக் கடையிலும் திறக்கப்படவில்லை. ஏப்ரலில் காலி கிரேட் திரும்பி வராதபோதுதான் குட்டு உடையும். காலி கிரேட் கணக்கு பார்க்கிற கிளார்க்குக்குத் தெரிந்தது மேல்மாடியில் இருப்பவர்களுக்குத் தெரிய இரண்டு மாதம் ஆகும். டியாஜியோவில் யாரும் வேண்டுமென்றே இப்படி இறக்கினார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கடையில் என்ன ஓடுகிறது என்பது தலைமையகத்துக்குத் தாமதமாகத் தெரிந்தது என்பது அவர்கள் அறிவிப்பிலிருந்தே புரிகிறது.

அப்புறம் அமெரிக்காவில் தேவை மந்தம், மெக்சிகோ டெக்கீலாவுக்கும் கனடா விஸ்கிக்கும் சுங்க வரிப் பயம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. ஆண்டுக்கு 5 முதல் 7 சதவீத விற்பனை வளர்ச்சி என்ற நடுத்தர கால இலக்கை 2025 பிப்ரவரியில் வாபஸ் வாங்கினார்கள். க்ரூ இருந்த இரண்டு வருஷத்தில் பங்கு விலை 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இத்தனையும் அவர் தப்பா? கோவிட் காலத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து குடித்த உலகம் அப்புறம் குறைத்துக்கொண்டதற்கு அவர் என்ன செய்வார்? போட்டிக் கம்பெனிகளும் அதே சேற்றில்தான் நின்றன. இருந்தாலும் நாற்காலியில் இருப்பவர் தலைதான் உருளும்.

லூயிஸைத் தேர்ந்தெடுத்ததை 2025 நவம்பர் 10 அன்று அறிவித்தார்கள், பங்கு ஏறியது. அவர் 2014இல் பிரிட்டனின் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்டின் தலைமைக்கு வந்த சில வாரங்களில், லாபம் ஏறக்குறைய 25 கோடி பவுண்டு கூடுதலாகக் காட்டப்பட்டிருந்தது வெளியே வந்தது. சப்ளையர்களிடமிருந்து வர வேண்டிய பணத்தை வருவதற்கு முன்பே வரவில் எழுதியிருந்தார்கள். அந்தக் குப்பையைக் கூட்டித் தள்ளியவர் என்ற பெயர் அவருக்கு. டியாஜியோ ஏன் இப்படி ஒருவரைத் தேடியது என்று உங்களைப் போன்ற வங்கிக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பெங்களூரு பங்கைப் பற்றி: டியாஜியோவிடம் அதில் ஏறக்குறைய 56 சதவீதம். ஆனால் அங்கே தனி போர்டு, தனித் தலைவர். 2025 ஏப்ரலில் ஹினா நாகராஜனிடமிருந்து பிரவீண் சோமேஷ்வருக்கு மாறியது; லண்டனில் நடந்த கூத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விற்கவா வைத்துக்கொள்ளவா என்று நான் சொல்ல மாட்டேன், அது என் வேலை இல்லை. லண்டன் செய்தியைப் பார்த்த பதற்றத்தில் மட்டும் விற்க வேண்டாம்.

கேள்வி (கோவை வாசகி): ஐயா, இடைக்காலத் தலைவர் என்றால் கையெழுத்துப் போடுகிற பொம்மைதானா? எல்லாக் கம்பெனியிலும் நிதித் தலைவரைத்தான் உட்கார வைப்பார்களா?

பதில்: நம் ஊரில் பொறுப்புத் தலைமை ஆசிரியர் என்றால் சுண்ணாம்பு அடிக்கக்கூட மேலே கேட்டுக்கொண்டுதான் செய்வார். பெரிய கம்பெனிகளில் அப்படி இல்லை. ஜாங்கியானி வந்த மூன்றாவது வாரமே, 50 கோடி டாலர் என்றிருந்த செலவுக் குறைப்பு இலக்கை 62.5 கோடி டாலராக உயர்த்தினார். நவம்பர் தொடக்கத்தில் அந்த ஆண்டின் விற்பனை, லாப மதிப்பீட்டைக் குறைத்ததும் அவர் தலைமையில்தான். புதியவர் வருவதற்கு முன்பே கெட்ட செய்தியைச் சொல்லி முடித்துவிடுவது நாற்காலிக்குச் செய்கிற பெரிய உதவி. ஜனவரியில் அவர் நிதித் தலைவர் வேலைக்கே திரும்பினார். தலைவர் பதவியில் ஐந்தரை மாதம் இருந்துவிட்டு, பழைய இடத்தில் புதியவருக்குக் கீழே உட்காருவதற்குத் தனி மனசு வேண்டும்.

இன்னொன்று யாரும் கவனிப்பதில்லை. நிதித் தலைவரை மேலே தூக்கினால் கீழே ஒரு நாற்காலி காலியாகிறது. டியாஜியோ அதற்கும் ஒரு இடைக்கால ஆளைத் தேட வேண்டியிருந்தது. அங்கேயே முன்பு நிதித் தலைவராக இருந்த டெய்ர்ட்ரே மாலனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒருவர் போனால் இரண்டு பேர் இடம் மாறியாக வேண்டும்.

நிதித் தலைவரை ஏன் கூப்பிடுகிறார்கள் என்பது எளிது. பங்குச் சந்தைக்காரர்களுக்கு அவர் முகம் தெரியும், எண்கள் நுனி விரலில் இருக்கும், வங்கிகள் அவரை நம்பும். பானக் கம்பெனிகளில் மற்ற வழிகளும் உண்டு.

இத்தாலியின் கம்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 16 வருஷம் இருந்த பாப் குன்சே-கொன்செவிட்ஸ் 2024 ஏப்ரலில் விலக, மத்தேயோ ஃபாந்தாக்கியோத்தி வந்தார். ஐந்தே மாதம். செப்டம்பரில் சொந்தக் காரணம் என்று சொல்லி விலகினார். நிதித் தலைவரும் சட்டத் தலைவரும் சேர்ந்து இரட்டை இடைக்காலத் தலைவர்கள் ஆனார்கள். பழைய தலைவர் ஒரு மேற்பார்வைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஒரு நாற்காலிக்கு மூன்று பேர்! 2025 ஜனவரியில் சைமன் ஹன்ட் வரும் வரை இந்த ஏற்பாடு. ஒருவரை மட்டும் நம்பி ஒப்படைக்க போர்டுக்குத் தயக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் கியூரிக் டாக்டர் பெப்பர் வேறு வழியில் போனது. 2022 ஜூலை கடைசியில் தலைவரான ஓசான் டோக்மெஜியோலு, நடத்தை விதிகளை மீறினார் என்று சொல்லப்பட்டு நவம்பரிலேயே வெளியே போனார். முந்தைய தலைவர் பாப் காம்கார்ட் நிர்வாக சேர்மனாகக் கட்டடத்திலேயே இருந்ததால் பிழைத்தார்கள். அவரே மறுபடி உட்கார்ந்தார்.

ஸ்டார்பக்ஸ் பாட்டில் கம்பெனி இல்லை என்றாலும் காபியும் பானம்தானே. அங்கே இரண்டு விதமும் நடந்தது. 2022இல் நிறுவனத்தை வளர்த்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ் ஒரு டாலர் சம்பளத்துக்கு இடைக்காலத் தலைவராகத் திரும்பி வந்தார். அவர் கையால் பொறுப்பு வாங்கிய லக்ஷ்மண் நரசிம்மன், 2024 ஆகஸ்ட் 13 அன்று போக வேண்டியதாயிற்று. ஆனால் அன்றைக்கே பிரையன் நிக்கோல் பெயரை அறிவித்துவிட்டார்கள். அவர் வரும் வரை, ஒரு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு மட்டும், நிதித் தலைவர் ரேச்சல் ரகேரி. பங்கு அன்று 24 சதவீதம் ஏறியது. நரசிம்மன் அதைப் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவே சங்கடமாக இருக்கிறது.

இடைக்காலமே தேவைப்படாத கதைதான் பழைய கோகோ-கோலா. ராபர்ட்டோ கொய்சுவேட்டா 1981இல் தலைவரானபோது கம்பெனியின் சந்தை மதிப்பு சுமார் 400 கோடி டாலர். 1997 அக்டோபர் 18 அன்று நுரையீரல் புற்றுநோயால் அவர் இறந்தபோது 14,000 கோடி டாலருக்கு மேல். சில நாளில் டக்ளஸ் ஐவெஸ்டர் தலைவர். வருஷக்கணக்காகத் தயார் செய்த வாரிசு, கணக்கில் புலி. எல்லோரும் மெச்சினார்கள். அவர் நிலைத்தாரா? 1999 ஜூனில் பெல்ஜியத்தில் குழந்தைகள் கோலா குடித்து உடம்புக்கு முடியாமல் போன விவகாரத்தைக் கையாண்ட விதத்தில் கெட்ட பெயர், பாட்டிலிங் கம்பெனிகளோடு மனக்கசப்பு. அந்த டிசம்பரிலேயே விலகுவதாக அறிவித்தார். வாரிசைத் தயாராக வைத்திருந்தால் மாற்றம் அமைதியாக நடக்கும். வாரிசு சரியான ஆளா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

பொம்மையா என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். இடைக்காலத் தலைவரின் பலம் எந்தத் தாளில் இருக்கிறது தெரியுமா? போர்டு தீர்மானத்தில். நான் வேலை பார்த்த இடத்தில் நிர்வாக இயக்குநர் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போய்விட்டார். திங்கட்கிழமை சர்க்கரை ஆலைக்கு வங்கி வழியாக ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் பணம் அனுப்ப வேண்டும். வங்கியில் பெரிய தொகைக்கு அவர் கையெழுத்து மட்டும்தான் பதிவில் இருந்தது. பொறுப்பு ஏற்றவர் வாசல் வரை மாலை மரியாதையோடு வந்து உட்கார்ந்துவிட்டார், ஆனால் ஒரு மூட்டைச் சர்க்கரைக்குக்கூட அவரால் பணம் கொடுக்க முடியவில்லை. 'தீர்மானத்தின் சான்றிட்ட நகல், புது மாதிரிக் கையெழுத்து அட்டை, கே.ஒய்.சி.' என்று வங்கி மேனேஜர் அடுக்கினார். சிரப் அறை ஒரு ஷிப்ட் நின்றது. அதற்குப் பிறகு எங்கள் போர்டில் எந்தத் தொகைக்கும் மாற்றுக் கையெழுத்து ஒன்று கட்டாயம் என்று தீர்மானம் போட்டோம்.

கேள்வி (சென்னை, சட்டக் கல்லூரி மாணவர்): இந்தியாவில் ஒரு கம்பெனி எத்தனை மாதம் 'இடைக்காலம்' என்று ஓட்டலாம் சார்?

பதில்: கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 203 முழுநேர முக்கிய நிர்வாகப் பதவி காலியானால் ஆறு மாதத்துக்குள் போர்டு கூட்டத்தில் நிரப்பச் சொல்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் சந்தையின் கட்டுப்பாட்டு அமைப்பான செபி இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. பட்டியலிட்ட கம்பெனிகளுக்கான அதன் எல்.ஓ.டி.ஆர். விதிகளில் 2023இல் சேர்த்த 26ஏ-படி தலைமைச் செயல் அதிகாரி இடம் காலியானால் மூன்று மாதம்தான் பொதுவான கெடு. அதில் ஒரு நல்ல கொக்கியும் உண்டு: இடைக்காலம் என்று ஒருவரைப் போட்டு நிரப்பியதாகக் காட்ட முடியாது. புதிதாக ஒருவரை நியமித்தால் என்னென்ன நடைமுறையோ அத்தனையும் அவருக்கும் நடந்திருக்க வேண்டும், பொறுப்புகளும் அவர் மேல் விழ வேண்டும். ஜாங்கியானி இருந்த ஐந்தரை மாத ஏற்பாட்டை நம் நாட்டில் அப்படியே செய்ய முடிந்திருக்காது.

இன்னும் இரண்டு விதிகளைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், தேர்வில் வருமோ இல்லையோ வேலையில் வரும். முக்கிய நிர்வாகி ராஜினாமா செய்தால், அது நடைமுறைக்கு வந்த ஏழு நாளுக்குள் அவர் கடிதத்தையே பங்குச் சந்தைக்குக் கொடுக்க வேண்டும். அப்புறம், நிர்வாக இயக்குநரோ தலைமைச் செயல் அதிகாரியோ 90 நாளில் 45 நாளுக்கு மேல் உடல்நலமின்றியோ வேறு காரணத்தாலோ வேலையைக் கவனிக்க முடியாமல் இருந்தால் அதையும் காரணத்தோடு சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் பெரிய முதலாளி ஆஸ்பத்திரியில் இருப்பது காரோட்டிக்குத் தெரியும், பங்குதாரருக்குத் தெரியாது.

கேள்வி (காரைக்குடி வாசகர்): விஜய் மல்லையாவை வெளியே அனுப்ப டியாஜியோ 7.5 கோடி டாலர் கொடுத்தது உண்மையா?

பதில்: கொடுக்க ஒப்புக்கொண்டது உண்மை. 2015 ஏப்ரலில் யுனைடெட் ஸ்பிரிட்ஸ் போர்டு அவரைச் சேர்மன் பதவியிலிருந்து விலகச் சொன்னது, அவர் மாட்டேன் என்றார். 2016 பிப்ரவரியில் ஐந்து ஆண்டில் 7.5 கோடி டாலர் என்று பேசி முடித்தார்கள். 4 கோடி உடனே போனது. அடுத்த வாரமே அவர் நாட்டை விட்டுக் கிளம்பினார். பாக்கியைக் கொடுக்க டியாஜியோ பிறகு மறுத்துவிட்டது. கொடுத்ததையும் திருப்பிக் கேட்டது.

கேள்வி (மதுரை வாசகி): நம் இந்திரா நூயி பெப்சிகோவை விட்டுப் போனபோது இடைக்காலத் தலைவர் உண்டா?

பதில்: இல்லை. 2018 ஆகஸ்டில் அறிவிப்பு, அக்டோபரில் ரமோன் லகுவார்தா தலைவர். அவரை ஒரு வருஷம் முன்பே பிரெசிடென்ட் ஆக்கியிருந்தார்கள். நூயி அடுத்த ஆண்டு தொடக்கம் வரை சேர்மனாக இருந்துவிட்டுப் போனார். செய்தித்தாளில் தலைப்பு போட முடியாத அளவுக்குச் சலிப்பான மாற்றம். எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கேள்வி (ஓசூர் வாசகர்): என் மருமகன் ஒரு குளிர்பானத் தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளர். பிளான்ட் ஹெட் போய்விட்டார். 'ஆள் கிடைக்கும் வரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளட்டும், ஆனால் வாய்ச்சொல்லில் வேண்டாம். பிளான்டில் கொதிகலன் வெடித்தாலும், பாட்டிலில் பூச்சி கிடந்தாலும் முதல் நோட்டீஸ் வருவது பொறுப்பில் இருப்பவர் பெயருக்கு. ஃபேக்டரி சட்டப்படி மேலாளராக யார் பெயர் பதிவாகியிருக்கிறது, உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் பொறுப்பாளர் என்று யாரைக் காட்டியிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பெயரை மாற்றிப் பதிந்தால் அதிகாரமும் கூடவே வர வேண்டும்: எவ்வளவு ரூபாய் வரை அவரே செலவு செய்யலாம், லைனை நிறுத்துகிற முடிவு அவருடையதா, யாருக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். கெடுத் தேதி ஒன்று இருக்கட்டும். நிரந்தர ஆள் வந்தால் பழைய வேலை அப்படியே இருக்கும் என்று ஒரு வரி. பழைய வேலையையும் சேர்த்தே பார்க்கச் சொல்வார்கள். உற்பத்திக்கு உடனே ஒரு மாற்று ஆள் கேட்கட்டும். கூடுதல் பொறுப்புக்கான படிப்பணம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்பதும் அதே கடிதத்தில் வரட்டும். அடுத்த இன்கிரிமென்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அடுத்த இன்கிரிமென்ட் போடப்போவது புதிதாக வருகிற பிளான்ட் ஹெட்.